பதினாலாம் எண் வீட்டின் ஆணிகள்

சதுப்பு நிலத்தில் பிறக்க நான் என்ன தவளையா?

பூங்கா வாரியக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து இதைத்தான் முதலில் கேட்டேன். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். சிவப்பு விளக்கு எரிந்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். என் கேள்விக்குப் பின்னால் சிலர் சிரித்ததிலேயே அரை நிமிஷம் போய்விட்டது.

விஷயம் இதுதான். எங்கள் டன்மோர் ஊரின் ஆற்றங்கரைப் பூங்காவுக்கு அறுபது வயதாகிறது. ஜூலை மாதம் விழா. அதற்காக ஒரு வெண்கலப் பலகை செய்திருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பத்திரிகையில் போட்டிருந்தது: “1961இல் பூங்கா அமைக்கப்படும்வரை இது ஆளில்லாத சதுப்பு நிலமாக இருந்தது.” காபி குடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கோப்பையை வைத்துவிட்டேன். நான் 1951இல் பிறந்தவள். அந்த ஆளில்லாத இடத்தில், பிளம் தெரு, பதினாலாம் எண் வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில் பிறந்தேன். என் பிறப்புக்கு அம்மா இருந்தாள், பக்கத்து வீட்டு மிஸ் ஒடெல் இருந்தாள். தவளை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

பிளம் தெருவில் ஏழு வீடுகள். ஏழும் கறுப்புக் குடும்பங்கள், அலபாமாவிலிருந்து செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்தவர்கள். வீடுகள் சூளைக்காரனுடையவை, நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அதனால் எங்கள் பெயரில் பத்திரம் கிடையாது. சூளைக்காரன் நிலத்தை மாவட்டத்துக்கு விற்றான். முப்பது நாளில் காலி செய்யச் சொன்னார்கள். காலி செய்தபின் ஏழு வீட்டையும் தீயணைப்புப் படைக்குக் கொடுத்தார்கள், புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க. நாளுக்கு ஒரு வீடாகக் கொளுத்தி, அணைத்து, மறுபடி கொளுத்திப் பழகினார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. பிறகு சாம்பலின் மேல் அரைச் சாண் மண்ணைக் கொட்டிப் புல் விதைத்தார்கள். சூளையும் மூடியாயிற்று. நீதிமன்றத்தின் நிலவறையில் இருந்த ஊர்ப் பதிவுக் காகிதங்கள் ஒரு வெள்ளத்தில் கூழாயின. என்னிடம் மிஞ்சியது ஒரு புகைப்படம், வீட்டு வாசற்படியில் அம்மாவும் நானும்.

வாரியத் தலைவர் ஹார்ட்ஸ்லர் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் சண்டை போடுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அழகான படம் மேடம். ஆனா இது எந்த ஊர் வீடாவும் இருக்கலாமே.”

“எங்க ஊர் வீடு. எங்க அம்மா. இது நான்.”

“பலகை ஏற்கனவே வார்த்தாச்சு. நீங்க ஆதாரம் கொண்டு வாங்க, மாத்த நான் தயார். நிலத்துல ஏதாவது இருந்தா காட்டுங்க.”

சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் முப்பத்தோரு வருஷம் இந்த ஊரில் தபால் கொடுத்தவள். நாய் துரத்தினாலும் பனி கொட்டினாலும் முகவரி கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. நிலத்தில் இருந்தால் காட்டு என்றார் அல்லவா? மறுநாளே ஒரு பழைய மெட்டல் டிடெக்டர் வாங்கினேன்.

என் தம்பி லெமுவேல் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

“எழுபது வயசுல உனக்கு எதுக்குக்கா இந்தத் தொல்லை? ஒரு தகரப் பலகைக்கா?”

“வெண்கலம்.”

“எதுவா இருந்தா என்ன? நான் அந்தப் புல்லை மிதிக்க மாட்டேன். என்னைக் கூப்பிடாத.”

லெம் அந்தப் பூங்காவுக்குள் கால் வைத்ததே இல்லை. காரில் போனாலும் அரை மைல் சுற்றிக்கொண்டு போவான். எங்கள் வீட்டைக் கொளுத்திய அன்று அவனுக்கு ஐந்து வயது. ஒரு தீயணைப்பு வீரன் அவனைத் தோளில் தூக்கி வைத்துத் தன் தலைக்கவசத்தை மாட்டிவிட்டான். கூரை விழுந்தபோது எல்லாரும் ஓவென்றார்கள், இவன் கை தட்டினான். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். இதை அவன் என்னிடம் சொன்னது ஒரே தடவை, அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று. அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அன்று தெரியவில்லை.

பூங்காவில் டிடெக்டரோடு நடக்க அனுமதி வேண்டும். அனுமதி அலுவலகத்தில் டெனிஸ் புருபேக்கர் என்ற பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பெண், கணினியில் உள்ள கட்டங்களைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நம்பாதவள்.

“எதுக்குத் தேடறீங்க மேடம்? பொழுதுபோக்கா, ஆராய்ச்சியா, தொலைஞ்ச பொருளா?”

“தொலைஞ்ச பொருள்.”

“என்ன பொருள்?”

“ஏழு வீடு.”

அவள் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. “அதுக்குக் கட்டம் இல்ல மேடம். பொழுதுபோக்குன்னு போட்டுக்கறேன்.”

பொழுதுபோக்கு. போட்டுக்கொள் தாயே என்று விட்டுவிட்டேன். அதோடு முடியவில்லை. நாலு மணி நேரப் பயிற்சிக்கு வர வேண்டும், கடைசியில் தோண்டும் தேர்வில் தேற வேண்டும், அப்போதுதான் அனுமதி அட்டை. பூங்காப் புல்லுக்கு ஒரு கீறல் விழக் கூடாது என்பதில் வாரியத்துக்கு அவ்வளவு அக்கறை. அந்தப் புல்லுக்கு அடியில் இருப்பதை எரித்தபோது யாருக்கும் எந்தத் தேர்வும் வைக்கவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை பயிற்சி. பத்துப் பேர் வந்திருந்தோம், எல்லாரையும் விட நான்தான் வயதில் மூத்தவள், நான் ஒருத்திதான் கறுப்பு. பயிற்சி கொடுத்தவன் ராய்ஸ் கிம்பல். ஊர் டிடெக்டர் கிளப்பின் தலைவன், அறுபது தாண்டியவன், நாற்பது வருஷம் மர வீடு கட்டிய தச்சன். இடுப்பில் அளவு நாடா இல்லாமல் அவன் தேவாலயத்துக்குக்கூடப் போகமாட்டான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலை தெரிந்தவன்.

“முதல் பாடம். இரும்பை மூடிடுங்க,” என்றான். “இந்தக் குமிழைத் திருப்பினா மெஷினுக்கு இரும்பு கேக்காது. திருப்பலேன்னா ஒவ்வொரு ஆணிக்கும் உறுமும். ஆணி குப்பை. நாம தேடறது காசு, மோதிரம், பொத்தான். இரண்டாம் பாடம். சோடா டின் மூடி கிடைச்சாலும் உங்க பையில போட்டு வெளிய கொண்டு போங்க. திரும்பப் புதைக்கறவன் மனுஷனே இல்ல.”

பயிற்சி நடந்தது ஆற்றோரத்துச் சிக்கமோர் மரத்துக்கு வடக்கே. தெற்கே இருந்த பெரிய புல்வெளியைக் காட்டி ராய்ஸ் கையை ஆட்டினான். “அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. முப்பது வருஷமா சொல்றேன். பூரா ஆணி. இரும்பை மூடினாலும் நடுநடுவுல கத்தும். காது செத்துப்போகும்.”

நான் கையைத் தூக்கினேன். “சதுப்பு நிலத்துல ஆணி எப்படி வந்தது?”

“யாராவது குப்பை கொட்டியிருப்பாங்க.”

“யாரு? தவளைங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள், ராய்ஸும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிக்கமோர் மரத்துக்குத் தெற்கேதான் பிளம் தெரு. முப்பது வருஷமாக இந்தக் கிளப்பு ஆட்கள் ஒரு குமிழைத் திருப்பி எங்கள் வீடுகளை மூடிவிட்டு, மேலே நடந்து போயிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்ததில்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்யும் முதல் காரியமே அதுதான்.

சாயங்காலம் தேர்வு. ஆளுக்கு ஒரு காசைப் புதைத்து வைத்திருந்தான். கண்டுபிடித்து, புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தை விட்டுக் கதவைத் திறப்பதுபோலத் திருப்ப வேண்டும். மண்ணை ஒரு துண்டின் மேல் கொட்டி, காசை எடுத்து, மண்ணைத் திரும்பப் போட்டு, புல்லைச் சாத்தி மிதித்துவிட வேண்டும். பத்து நிமிஷம். பிறகு ராய்ஸ் வந்து பார்ப்பான். எங்கே தோண்டினாய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால் தோல்வி.

என் இடது முழங்காலைத் தபால் இலாகாவுக்குக் கொடுத்தாயிற்று. மண்டியிடவே இரண்டு நிமிஷம் ஆனது. கோபத்தில் கத்தியை ஓட்டியதில் நாலு பக்கமும் வெட்டிவிட்டேன். புல் தனியாகக் கையோடு வந்துவிட்டது.

ராய்ஸ் குனிந்து பார்த்தான். “இது மூடி, வெர்லீன். நான் கேட்டது கதவு. நாலு பக்கமும் வேரை அறுத்துட்டா புல்லு பிழைக்காது, ஒரு வாரத்துல பழுத்துடும்.”

“தெரியும்,” என்றேன். “எங்களையும் நாலு பக்கமும்தான் அறுத்தீங்க.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. யார், எப்போது என்று கேட்கவும் இல்லை. தாளில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினான். தோல்வி. மறுதேர்வு செப்டம்பரில். பலகை திறப்பது ஜூலையில்.

கூடவே ஒரு மஞ்சள் சீட்டும் கொடுத்தான். பயிற்சிக்கு வந்தவர்கள் தேறினாலும் தேறாவிட்டாலும் கொடுப்பது. தொண்ணூறு நாள் பகலில் மெஷினை ஓட்டிப் பழகலாம். மண்ணைக் குத்தவோ தோண்டவோ எதையும் எடுக்கவோ கூடாது.

“தட்டை வச்சுட்டுச் சாப்பாடு போடாத மாதிரிதான்,” என்று ராய்ஸ் சிரித்தான். “வருத்தப்படாதீங்க. காது பழகும்.”

வீட்டுக்குப் போய்ச் சீட்டின் பின்பக்கத்தை மூன்று தடவை படித்தேன். அரசாங்க விதிகளோடு முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள். விதியில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று முதலில் பார்ப்பேன். குத்தக் கூடாது, தோண்டக் கூடாது, எடுக்கக் கூடாது. கேட்கக் கூடாது என்று இல்லை. இரும்பை மூடியே ஆக வேண்டும் என்றும் இல்லை. சத்தம் வந்த இடத்தில் புல்லின் மேல் ஒரு சாமானை வைக்கக் கூடாது என்றும் இல்லை.

தோண்டி எடுத்தால் என்ன கிடைக்கும்? கையளவு துருப்பிடித்த ஆணி. அதையும் ஹார்ட்ஸ்லர் கண்ணாடி போட்டுப் பார்த்து, அழகான ஆணி மேடம், எந்த ஊர் ஆணியாகவும் இருக்கலாமே என்பார். எனக்கு ஆணி வேண்டாம். ஆணி எங்கே இருக்கிறதோ அந்த இடம்தான் வேண்டும்.

திங்கட்கிழமை காலை தேவாலயச் சமையலறையிலிருந்து இரண்டு கட்டு வெள்ளைக் காகிதத் தட்டு எடுத்துக்கொண்டேன். காற்றில் பறக்காமல் இருக்க என் வீட்டுக் கார்ப் பாதையிலிருந்து ஒரு வாளி சரளை. பூங்காக் கல்லைத் தொட்டால் அதற்கும் ஒரு கட்டம் வைத்திருப்பார்கள். சிக்கமோர் மரத்திலிருந்து தெற்கே நடந்தேன். இரட்டைப்படை வீடுகள் ஆற்றுப் பக்கம். இரண்டு, நாலு, ஆறு என்று தபால் போடுகிற மாதிரியே காலால் அளந்துகொண்டு போனேன். பதினாலில் நின்று, குமிழை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்பைத் திறந்துவிட்டேன்.

அம்மாடி, என்ன சத்தம். ஊரே என் காதுக்குள் உறுமியது. உறுமிய இடத்திலெல்லாம் ஒரு தட்டு, அதன் மேல் ஒரு பிடி சரளை. முதல் நாள் ஒன்றும் விளங்கவில்லை, கல்யாணச் சாப்பாடு கவிழ்ந்த மாதிரி தட்டுகள் கிடந்தன. சாயங்காலம் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் பொறுமையாக, ஒரு சாண் ஒரு சாணாக ஓட்டினேன். மெலிந்த சத்தத்தை விட்டுவிட்டுக் கனத்த சத்தத்துக்கு மட்டும் தட்டு வைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் நிமிர்ந்து பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பதினாறடி நீளத்துக்குத் தட்டுகள் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் இருந்தன.

“இரும்பை மூட மறந்துட்டீங்க போல,” என்று பின்னால் குரல் கேட்டது. ராய்ஸ். யாரோ ஒரு கிழவி புல்வெளியில் தட்டு பரப்புகிறாள் என்று புருபேக்கர் அவனுக்குப் போன் செய்திருக்கிறாள்.

“மறக்கல.”

“எங்கயாவது குத்தினீங்களா?”

“மண்டி போட்டுத் தேடிப் பாருங்க. உங்களுக்குத்தான் முழங்கால் நல்லா இருக்கே.”

அவன் என் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டு, தட்டுகளை ஒட்டி மெஷினை ஓட்டிக்கொண்டு நடந்தான். முதலில் முகத்தைச் சுளித்தான். நாலடி போனதும் நின்றான். திரும்ப வந்தான். மறுபடி நடந்தான், இந்தத் தடவை மெதுவாக. பிறகு இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவி ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே வைத்தான்.

“பதினாறு அங்குலம்,” என்றான். அடுத்தது. “பதினாறு.” அதற்கடுத்தது. “பதினாறரை. எவனோ சோம்பேறித் தச்சன்.”

மர வீட்டுச் சுவருக்குள் நிறுத்தும் கால்கள் பதினாறு அங்குலத்துக்கு ஒன்று. ஒவ்வொரு காலின் அடியிலும் மூன்று நாலு ஆணி அடிப்பார்கள். இதை அவன்தான் எனக்குச் சொன்னான், நாற்பது வருஷம் அந்த ஆணிகளை அடித்தவன். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நடந்தான். மெஷின் சட்டென்று அமைதியானது. மூன்றடிக்கு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி உறுமியது.

“இது வாசல்,” என்றான்.

“தெரியும். எங்க அம்மா அங்கதான் நின்னு கூப்பிடுவா.”

ராய்ஸ் ஹெட்ஃபோனைக் கழற்றினான். “நிலத்துல அறுபது வருஷம் கிடந்த ஆணி இவ்வளவு கணீர்னு கேக்காது. வெந்த ஆணிதான் இப்படி நிக்கும், துரு சீக்கிரம் பிடிக்காது. எரிஞ்ச வீடா?”

“எரிச்ச வீடு.”

முழுக் கதையையும் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றி, அதற்குள்ளே எதையோ தேடுகிறவன்போலப் பார்த்துக்கொண்டு நின்றான். “இடிச்சிருந்தா ஆணி கண்டபடி சிதறியிருக்கும். நின்னபடியே எரிச்சதால கால் நின்ன இடத்துலயே விழுந்திருக்கு,” என்றான். தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “முப்பது வருஷமா இந்த இடத்தைத் திட்டிட்டே போயிருக்கேன், வெர்லீன்” என்றான்.

“எங்க கூடத்து வழியாத்தான் போயிருக்கீங்க. ஒரு நாள்கூட கதவைத் தட்டல.”

அவனுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஆனால் தன் கிளப்புக்கு அனுமதி கொடுப்பதே வாரியம்தான், ஹார்ட்ஸ்லரைப் பகைத்துக்கொண்டால் அறுபது பேருக்கும் அட்டை போய்விடும் என்று இழுத்தான். அப்படியானால் போய் மோதிரம் தேடு என்று சொல்லிவிட்டு நான் என் தட்டுகளைப் பொறுக்கினேன். அவன் போய்விட்டான். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வந்தபோது அவன் சிக்கமோர் மரத்தடியில் இன்னொரு மெஷினோடு நின்றுகொண்டிருந்தான். பத்தாம் எண்ணிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

ஐந்து வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வீடாகக் கேட்டு, அளந்து, நோட்டில் வரைந்து, சாயங்காலம் தட்டுகளை எடுத்துவிடுவோம். மிஸ் ஒடெலின் வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு சின்னச் சதுரம் வந்தது. கோழிக் கூடு என்றேன். ராய்ஸ் அதற்கும் அளவு எழுதிக்கொண்டான். தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது லெமுக்குச் சொல்வேன். அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவான். ஒரு நாள் மட்டும் சத்தத்தைக் குறைத்தான்.

“நம்ம சமையலறைச் சுவரும் இருக்கா?”

“இருக்கு.”

மறுபடி சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

விழா நாளன்று விடியும்போதே போனோம். ராய்ஸ், நான், தேவாலயத்திலிருந்து எட்டுப் பெண்கள். நோட்டைப் பார்த்துப் பார்த்து அறுநூற்றுச் சொச்சம் தட்டு வைத்தோம். ஒவ்வொரு தட்டிலும் கறுப்பு மையில் வீட்டு எண். இரண்டிலிருந்து பதினாலு வரை ஏழு வீடுகள், ஏழுக்கும் வாசல். மேட்டில் நாற்காலிகளும் மேடையும் போட்டிருந்தார்கள். பலகை நீலத் துணி போர்த்தி நின்றது. அங்கிருந்து பார்த்தால் தெரு முழுவதும் தெரியும்.

ஒன்பது மணிக்குப் புருபேக்கர் மூச்சிரைக்க வந்தாள்.

“மேடம், என்ன இது?”

“பிக்னிக். புல்வெளியில சாப்பிடலாம்னு உங்க போர்டுலயே போட்டிருக்கு. முட்டை செஞ்சிருக்கோம், விலா எலும்பு இருக்கு, பீச் பழப் பணியாரம் இருக்கு. உட்காருங்க.”

“அறுநூறு தட்டா?”

“பெரிய குடும்பம்.”

“இது டிடெக்டர் வச்சுப் பண்ணினது. அனுமதி இல்லாம...”

மஞ்சள் சீட்டை எடுத்து நீட்டினேன். “ஆகஸ்ட் வரைக்கும் செல்லும். எங்கயும் குத்தல, தோண்டல, ஒரு ஆணியை எடுக்கல. பழகிட்டிருக்கேன். காது பழகும்னு உங்க ஆளே சொன்னாரு.”

ராய்ஸ் தன் நாடாவை மடித்துக்கொண்டே, “சொன்னேன்” என்றான்.

அவள் குனிந்து ஒரு தட்டை எடுத்தாள். “இது என்ன நம்பர்?”

“வீட்டு நம்பர். உங்க கணினியில கட்டம் இல்லன்னீங்களே, அதான் நாங்களே போட்டுட்டோம்.”

அவள் கன்னம் சிவந்தது. தட்டைத் திரும்ப வைக்கும்போது எடுத்த இடத்திலேயே, கொஞ்சம் நகர்த்திச் சரிபார்த்து வைத்தாள். அதற்காக அவளை அன்று மன்னித்துவிட்டேன்.

பத்தரைக்குக் கூட்டம் சேர்ந்தது. அப்போதுதான் சாலையோரம் லெமின் கார் நின்றதைப் பார்த்தேன். ஒரு கால் மணி நேரம் அவன் இறங்கவில்லை. பிறகு ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு புல்லில் கால் வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவை. நேரே நடந்தால் பன்னிரண்டாம் எண் வீட்டுக்குள்ளே நுழைந்து இருபது அடியில் பதினாலில் நின்ற என்னிடம் வந்திருக்கலாம். அவன் தெரு வழியே சுற்றிக்கொண்டு, பதினாலாம் எண்ணின் வாசலுக்கு நேரே வந்து நின்றான்.

“உள்ள வரவாக்கா?”

“உன் வீடுதானேடா.”

வந்தான். இடது பக்கம் திரும்பி, சமையலறையில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தான். அவன் கைகள் இரண்டும் மடியில் கோத்திருந்தன. நான் போய் அவன் தோளில் கை வைத்தேன். “நீ அஞ்சு வயசுப் பையன்டா. கை தட்டினது நீ இல்ல. தட்ட வச்சவங்க அவங்க,” என்றேன். இத்தனை வருஷமாக எனக்குக் கிடைக்காத பதில் அங்கே நின்றபோது தானாக வந்தது. அவன் அழுதான், நான் தடுக்கவில்லை.

அதைப் பார்த்தபின் மேட்டிலிருந்து ஜனங்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். யாரும் வழி காட்டவில்லை. ஒருவர்கூடத் தட்டைத் தாண்டவில்லை. வாசல் எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதன் வழியாகவே உள்ளே போய் வந்தார்கள்.

பதினோரு மணிக்குப் பேச ஆள் இருந்தது, கேட்க ஆள் இல்லை. ஹார்ட்ஸ்லர் கையில் பேச்சுத் தாளோடு மேடையிலிருந்து இறங்கி, வேகமாக என்னை நோக்கி வந்தார். முகம் இறுகியிருந்தது. எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்ததும் அவருடைய பளபளப்பான சப்பாத்து தட்டுகளுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றுவிட்டது. உயரம் ஒன்றுமில்லை, வெறும் காகிதத் தட்டு. குழந்தைகூடத் தாண்டிவிடும். அவர் தாண்டவில்லை.

“மிஸ் மேப்ரி,” என்றார் தாழ்ந்த குரலில். “கொஞ்சம் வெளிய வர்றீங்களா? பேசணும்.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ராய்ஸ் கேட்டான். புருபேக்கர் கேட்டாள். சொன்ன பிறகு அவருக்கே கேட்டது.

“வெளியன்னு சொல்லிட்டீங்க,” என்றேன். “அப்ப இது உள்ள. உள்ள வந்து பேசுங்க. வாசல் அந்தப் பக்கம்.”

அவர் தட்டுகளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அங்கே உட்கார்ந்திருந்த லெமைப் பார்த்தார். நாலடிதான் தூரம். ஆனாலும் சுவரை ஒட்டியே நடந்து, மூலை திரும்பி, மூன்றடி இடைவெளிக்கு முன்னால் வந்து நின்றார்.

“காலைத் துடைச்சுட்டு வாங்க. எங்க அம்மாவுக்குப் பிடிக்காது.”

வாரியத் தலைவர் ஹார்ட்ஸ்லர் அந்த ஊர் முழுவதும் பார்க்கப் புல்லில் ஒரு காலைத் துடைத்தார். பிறகு மற்றக் காலையும் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். திரும்பி மேட்டைப் பார்த்துக் கையை அசைத்தார். இரண்டு ஆட்கள் பலகையைத் துணியோடு தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.

“பலகையில என்ன எழுதணும்?” என்று கேட்டார்.

“ஏழு வீடு. ஏழு குடும்பத்தோட பேரு. எரிச்சது யாரு, எதுக்கு எரிச்சாங்கன்னும் எழுதணும்.”

அவர் பேச்சுத் தாளைத் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. லெமுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, “உட்காரலாமா?” என்றார்.

“முதல்ல எழுதுங்க,” என்றேன். “ஏழு பேரையும் எழுதி முடிச்சுட்டு உட்காரலாம்.”